வெள்ளை அரளியும் பெம்பான் பலகை வீடும்

பெம்பான் பக்கம் பழைய கம்போங் வீடு, அதாவது மலாய்க் கிராமத்து வீடு, ஒன்று விற்பனைக்கு என்று கைப்பேசியில் படம் வந்தால், மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், நிலத்தின் அளவைப் பார்ப்பார்கள். நான் படத்தைப் பெரிதாக்கி, படிக்கட்டுக்குக் கீழே வாத்து நிற்கிறதா என்று பார்ப்பேன். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. நான்கு லாரிகளுக்கு முதலாளி. சாலையில் எவனாவது கையை ஓங்கினால் வண்டியை விட்டு இறங்கி என்ன ஏது என்று கேட்கிற ஆள். இருந்தாலும் வாத்து விஷயத்தில் எச்சரிக்கை நல்லது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா பால்மரம் வெட்டிய தோட்டம் கைமாறியிருந்தது. ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போடப்போகிறார்கள், நாங்கள் குடியிருந்த லயங்களை இடிக்கப்போகிறார்கள் என்று முடிவாகிவிட்டது. தீபாவளி வரை இருக்கலாம், பிறகு அவரவர் வழி. பக்கத்து வீட்டுக்காரர்கள் டவுனில் அடுக்குமாடி வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்து வீட்டில் பிறந்து, தோட்டத்து வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் ஆபீசில் கேட்க வேண்டிய வீடுகள் அவை. "பலகை வீடா இருந்தாலும் நம்ம வீடா இருக்கணும்" என்று சோறு போடும்போதும் சொன்னாள், துணி பிழியும்போதும் சொன்னாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு நாள் சைக்கிளில் வந்து இறங்கி, பெம்பானுக்கு உள்ளே ஒரு கம்போங் வீடு விலைக்கு வருகிறது என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் நான்கு பேரும் போய்ப் பார்த்தோம்.

உயரமான கால்கள்மேல் நின்ற மலாய்ப் பலகை வீடு. முன்னால் பூப்போட்ட வண்ண ஓடுகள் பதித்த, அரைவட்டமான கல் படிக்கட்டு. தரைவரை இறங்கும் ஜன்னல்கள். சொந்தக்கார அம்மாள் ஜோகூரிலிருக்கும் மகளோடு போய்த் தங்கப்போகிறார். எல்லோரும் அவரை மலாய் முறையில் மாக்சிக், அதாவது அத்தை, என்றே அழைத்தோம். தோட்டத்துக்காரர்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார்.

அம்மா மேலே போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடினாள், மறுபடியும் திறந்தாள். அப்பா கீழே நின்று தூண்களைத் தட்டிப் பார்த்தார். நான் வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். ஆசைப்பட்டு ஓடவில்லை. வீட்டுக்கு அடியிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டு வந்த ஒரு வெள்ளை வாத்து, மலாய்க்காரர்கள் அங்சா என்பார்களே அந்தப் பெரிய ஜாதி, என்னைத் துரத்திக்கொண்டிருந்தது.

"தம்பி, ஓடாத லா! ஓடினாதான் அது வரும்!" என்று மாக்சிக் படியில் நின்று கத்தினார்.

நின்றால் அது வராது என்பதற்கு யார் உத்தரவாதம்? மூன்று சுற்று முடிந்து மாமாவின் சைக்கிள்மேல் ஏறி நின்றுகொண்டேன்.

"டேய், கடைசிச் சுத்துல நீ முந்திட்டேடா" என்றார் மாமா. பிறகு மாக்சிக்கிடம், "இத ஜோகூருக்குக் கொண்டுபோறீங்களா?" என்று கேட்டார்.

"மகள் வீடு மாடியில லா. அங்சா எப்படி ஏறும்? இது வீட்டோட சேத்தி. இது இருந்தா நாய் வேணாம்."

வீட்டோடு சேர்த்தி! திரும்பும் வழியெல்லாம் மாமா என் பயத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே வந்தார். அந்த வாத்துக்கு முப்பது வயதாம். ஒரு தபால்காரர் அதனால் வேலையையே விட்டுவிட்டாராம். கக்கூஸ் வேறு வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்ததா, நான் மனத்துக்குள் அந்தத் தூரத்தை அளந்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வர வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சு ஆரம்பித்தது.

"நிலத்துப் பத்திரம், கிராண்ட், சுத்தமா இருக்கு மச்சான். மலாய்க்காரங்க மட்டும்தான்னு இல்ல, நம்ம ஆளுங்களும் வாங்கலாம், நான் விசாரிச்சிட்டேன்" என்றார் மாமா.

"அது சரி லா" என்றார் அப்பா. "கம்போங்ல நாம மட்டும் ஒத்தக் குடும்பம். ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வருவா?"

"இங்க நாப்பது குடும்பம் இருக்கு. போன மாசம் நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப யாரு வந்தா?" என்றாள் அம்மா.

பேச்சில் தோற்றால் அப்பா அம்மனிடம் போய்விடுவார். "வெள்ளிக்கிழமை கோயில்ல பூக்கட்டிப் பாப்போம். வெள்ள வந்தா வாங்கலாம். செவப்பு வந்தா பேச்சே வேணாம், டவுன் பிளாட்டுதான்."

எங்கள் தோட்டத்தில் கல்யாணமா, வேலை மாற்றமா, எதுவானாலும் இதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். கள்ளமில்லாத கை வேண்டும் என்பதற்காகச் சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பொட்டலத்தில் இருப்பது அம்மன் வாக்கு.

கள்ளமில்லாத கைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நான் ஒன்றும் உலகத்தை ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரு வாத்திடமிருந்து தப்பிக்க நினைத்தேன், அவ்வளவுதான். அதற்கு அம்மனின் ஒத்துழைப்பு கொஞ்சம் தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா இரண்டு பொட்டலங்களையும் வாழையிலையில் கட்டித் தாம்பாளத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அடுப்படிக்குள் நுழைந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு வெள்ளை அரளி, ஒரு சிட்டிகைத் திருநீறு. மளமளவென்று கட்டி, இலையின் ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டேன். இன்னொன்றைப் பிரிக்கவில்லை. எதற்குப் பிரிக்க வேண்டும்? கீறல் உள்ளது வெள்ளை என்றால், கீறல் இல்லாதது சிவப்பு. கணக்கில் நான் கெட்டிக்காரன்.

கோயிலில் எங்கள் குடும்பத்தோடு இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். பூசை செய்கிற பண்டாரம் மணியடித்துச் சூடம் காட்டினார். "எடுப்பா சாமி" என்றார். நான் கண்ணை மூடுவதுபோல் பாதி மூடி, கீறல் இல்லாத பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அவர் நாரை அவிழ்த்து இலையை விரித்தார்.

உள்ளே வெள்ளை அரளி இருந்தது.

பிறகு நடந்ததைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சிவப்பாக இருந்த பூவை அம்மன் என் கண்ணெதிரே வெள்ளையாக்கிவிட்டாள். என் திருட்டு அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலைமுடி சிலிர்த்தது, பல் கிட்டியது, முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின. "செவப்பு எங்க? செவப்பு எங்க?" என்று அலறிக்கொண்டே தரையில் விழுந்தேன்.

"பிள்ளமேல ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பண்டாரம் என் வாயிலும் நெற்றியிலும் திருநீற்றைக் கொட்டினார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா என் காலிலேயே விழப் பார்த்தார்.

"ஆத்தா செவப்புச் சேல கேக்கறா" என்று பண்டாரம் விளக்கம் சொன்னார். "வீட்ட வாங்கிட்டு, செவப்புப் பட்டு சாத்திடுங்க." சொல்லிக்கொண்டே மற்றப் பொட்டலத்தையும் எடுக்கப் போனார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஆத்தாவே வாய்விட்டுச் சொன்னப்புறம் இதப் பிரிக்கிறது குத்தம்ங்க" என்று அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

தீபாவளிக்கு முன்பே அந்த வீட்டுக்குக் குடிபோனோம். வாத்து ஏழு வருடம் எங்களோடு இருந்தது. என்மேல் ஆத்தா வந்த விவரம் அதற்கு யாரும் சொல்லவில்லை போலும், கொஞ்சங்கூட மரியாதை காட்டவில்லை. அப்பா பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. குடிபோன வாரமே இடப்பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டுப் பலகாரம் வந்தது, வலப்பக்கத்து வீட்டுக்காரர் கூரை ஒழுகலை அடைக்க ஏணியோடு வந்தார். அம்மா முதல் நாளே எல்லாச் சுவர்களிலும் ஆணி அடித்தாள். மாட்டுவதற்கு எங்களிடம் அத்தனை படங்கள் இல்லை.

கோயிலிலிருந்து லயத்துக்குத் திரும்பிய வழியில் நடந்ததை மட்டும் இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அப்பாவும் மாமாவும் முன்னால் போனார்கள். அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நின்று, குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சாமி, ஏன்டா அப்படிக் கேட்ட? செவப்பு எங்கன்னு?"

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் முதுகுத்தோல் உரியும். ஒன்பது வயது மூளை ஒரு நொடியில் வழி கண்டுபிடித்தது.

"நானா கேக்கலம்மா. வாய் தானா கேட்டிச்சி."

அம்மா என் கையை விட்டாள். அந்த மண் சாலையிலேயே, நான் ஏதோ கர்ப்பக்கிரகத்தில் நிற்பதுபோல, என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினாள். "தப்புத்தான் ஆத்தா, மன்னிச்சிடு" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அம்மாவை ஏமாற்றுவது இத்தனை சுலபமா என்று எனக்கே பெருமையாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அவள் எந்தத் தப்புக்காக மன்னிப்புக் கேட்டாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பொட்டலங்களிலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டியவளிடம், சிவப்பு எங்கே என்று ஊர் அறியக் கேட்டவன் நான் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.