நாலு வாசல் வண்டி

பிள்ளைகளா, டி.வி. பக்கத்தில் நிற்கிற துருப்பிடித்த வண்டியைக் காட்டி, ஒரு பக்கம் ஏன் பிய்ந்திருக்கிறது என்று கேட்கிறீர்கள். நான் எழுந்து போய்விடுகிறேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன். அது இரும்பு இல்லை. சாத்தூர் திருவிழாக் கடையில் வாங்கின மஞ்சள் பிளாஸ்டிக் லாரி. அதை இப்படி மாற்றினது உங்கள் மாமா, உங்கள் அம்மாவுக்கு ஒரே தம்பி.

ஏழாயிரம்பண்ணைக்கு அங்கிட்டு ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவன் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தான். ஆட்களைக் கொண்டுபோய் விடுகிற வேன் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலிவு பொம்மைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். புஸ்வாணக் கூட்டைக் கவிழ்த்து ஒட்டினால் புகைபோக்கி, கெட்டுப்போன கடிகாரத்துப் பல்சக்கரம் பக்கவாட்டில், கறுப்புப் பெயிண்ட் காய்ந்ததும் பசையில் குழைத்த செங்கல் பொடியைத் தடவினால் துரு. பெட்ரோலே இல்லாமல் நீராவியிலேயே உலகம் ஓடியிருந்தால் வண்டிகள் எப்படி இருக்கும் என்று நினைத்துச் செய்வதாம், ஸ்டீம்பங்க் என்று பேராம். எல்லாம் போனில் பார்த்துப் படித்தது.

விருதுநகரிலிருந்து நர்ஸ் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் தான் செய்த பொம்மை வண்டிகளோடு வருவார். தரையில் போர்வையை விரித்து, டேப்பால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுவார்கள். திறந்த பக்கமாகக் குண்டு நுழைந்ததாகக் கட்டை விழுந்தால் வண்டி காலி என்பது ஆட்டத்தின் விதி. உங்கள் மாமா செய்கிற வண்டிக்கெல்லாம் நாலு பக்கமும் வாசல் இருக்கும். அதனால் எப்போதும் தோற்பான்.

"ஏலே, இது போர் வண்டியா, கல்யாண மண்டபமா?" என்று அந்த அண்ணன் சிரிப்பார்.

அவன் சிரிக்கவில்லை. "தீப்பிடிச்சா உள்ள இருக்கவன் எப்படிண்ணே வெளிய வருவான்?" என்றான்.

எங்கள் பக்கத்தில் மருந்து அறையை நாலு வாசல் வைத்துத்தான் கட்டுவார்கள். புதிதாக வருகிறவனுக்கு வேலையைக் காட்டுவதற்கு முன்னால் தப்பி ஓடுகிற வாசலைத்தான் காட்டுவார்கள். அவன் கைக்கு வேறு மாதிரி வெட்ட வரவில்லை.

தோற்றுத் தோற்று அவனுக்கே சலித்துப்போனது. தீபாவளி சீசனில் இந்த லாரியை எடுத்து, மூன்று வாசலை அட்டை வைத்து ஒட்டினான். "இந்த ஒரு தடவையாவது செயிக்கணும் அத்தான்" என்றான். அந்த ஆட்டம் நடக்கவே இல்லை.

அந்த வாரம் ஆர்டர் நெருக்கடி. லோடு ஏற்ற லாரி வராததால், கட்டின பெட்டிகளை அவன் அறை வாசல்களிலேயே அடுக்கிவிட்டார்கள். அவன் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறான். நாளைக்குப் போயிரும் என்றார்களாம். அடைக்காமல் இருந்த ஒரே வாசல் பக்கம்தான் தீப்பிடித்தது. வேனோடு நான் வெளியே நின்றேன். பார்த்ததை உங்களுக்கு எழுத மாட்டேன்.

கம்பெனி கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்து, வேறு போர்டு மாட்டித் திறந்துவிட்டது. நான் இன்னமும் அங்கேதான் ஆட்களை இறக்குகிறேன். போன வாரமும் ஒரு வாசலை மறைத்துப் பெட்டி நின்றது. சொன்னேன். "நாளைக்குப் போயிரும்ணே" என்றான் புது சூப்பர்வைசர். வந்தவர்கள் உள்ளே போனார்கள். நான் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமாவின் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பின பிறகு, பிளேடை எடுத்துக்கொண்டு இந்த வண்டியோடு தனியாக உட்கார்ந்தேன். ஒட்டின அட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன். பசை நன்றாக இறுகியிருந்தது. கடைசி அட்டை பிளாஸ்டிக்கையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டுதான் வந்தது.