பூ நசுங்கும் என்றேன்

என் மனைவி ஹெல்மெட் போட்டுக்கொள்ள மறுத்ததால்தான் தலையில் அடிபட்டாள் என்று உறவினர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். அது பொய். சொன்னவன் நான்.

அன்று மாலை தி. நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தேன். இந்த வயதிலும் ஓட்டுகிறேன் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. கல்லூரியில் தமிழ் கற்பித்த காலம் முழுக்க அப்படித்தான் போய்வந்தேன்; ஒரு தடவைகூட விழுந்ததில்லை. "ரெண்டு சக்கரம்னா ஆபத்து இருக்கத்தான் செய்யும். ஒத்துண்டுதான் ஏறணும்" என்று நண்பர்களிடம் பெரிதாகப் பேசுவேன். யாருடைய ஆபத்துக்கு யார் ஒத்துக்கொள்வது என்று யோசித்ததில்லை.

அவள் பட்டுப்புடவையும் தலை நிறைய ஜாதிமல்லியுமாக வந்தாள். பூவுக்கு மேலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தாடைக்குக் கீழே வாரைத் தேடினாள்.

"கல்யாணத்துக்குப் போறோமா, சண்டைக்குப் போறோமா? பூவெல்லாம் நசுங்கிடும். கழட்டு" என்றேன்.

"நசுங்கினா நசுங்கட்டுமே. போலீஸ்காரன் பிடிச்சா?"

"இதோ இருக்கற தி. நகர், எவன் பிடிக்கப்போறான்? பானையைக் கவுத்துண்ட மாதிரி இருக்கு. பார்க்கச் சகிக்கலை."

சிரித்தாள். கழற்றிக் கொடுத்தாள். அதை வண்டியின் பக்கவாட்டில் இருந்த கொக்கியில் மாட்டினேன். என் ஹெல்மெட் என் தலையில் இருந்தது. அவள் பரிசுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒரே பக்கமாகத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். ஒரு கை பொட்டலத்தில், ஒரு கை என் தோளில்.

ஆழ்வார்பேட்டை தாண்டும்போது தூற ஆரம்பித்தது. சாலையில் தோண்டிய பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். தினமும் நான் பார்க்கிற தகடுதான். நனைந்தால் வழுக்கும் என்பதும் தெரியும். முன்னால் போன கார் சட்டென்று நிற்க, தகட்டின் மேலேயே பிரேக் பிடித்தேன். வண்டி சரிந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் பின்பக்கமாக விழுந்தாள். தலை தரையில் மோதிய சத்தம் அத்தனை ஹாரன்களுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது.

அவளைத் தூக்கித் தன் வண்டியில் கிடத்திய ஆட்டோக்காரர், சாலையில் கிடந்த மோட்டார் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், ஹெல்மெட்டு வண்டில தொங்கினுகீது!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வுடு நைனா. ஏறு, ஏறு" என்றார்.

வேளச்சேரியிலிருந்து எங்கள் மகள் மருத்துவமனைக்கு ஓடிவந்தாள். அந்த ஹெல்மெட்டை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

"அம்மா ஹெல்மெட் போட்டுக்கலையாப்பா?"

"பூ நசுங்கிடும், வேண்டாம்னுட்டா."

'வேண்டாம் என்றேன்' என்பது 'வேண்டாம் என்றாள்' ஆயிற்று. ஒரு விகுதிதான் மாறியது. தன்மைக்கும் படர்க்கைக்கும் உள்ள வேறுபாட்டை வருஷக்கணக்காக வகுப்பில் விளக்கியவன், அதை எங்கே மாற்றினால் தப்பிக்கலாம் என்று ஒரு நொடியில் கண்டுகொண்டேன்.

மண்டையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்தாள். வலது கையும் காலும் சரியாக இயங்கவில்லை. சொற்கள் தேடித் தேடித்தான் வரும். அன்று மாலை நடந்தது எதுவும் அவள் நினைவில் இல்லை. மகள் சொன்னதையே தன் நினைவாக எடுத்துக்கொண்டாள். பார்க்க வருகிறவர்களிடம், "பூ நசுங்கிடும்னு நான்தான்… போட்டுக்கலை. புத்தியில்லை. பாவம், இவர்தான் கஷ்டப்படறார்" என்பாள். "மாமா மாதிரி யார் பார்த்துப்பா மாமி?" என்பார்கள். நான் அவர்களுக்குக் காபி கலக்க உள்ளே போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அவளுக்குக் கைப்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மடங்கவில்லை. மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு முழம் பூவுக்காக இப்படிப் பண்ணிண்டுட்டியேம்மா! எத்தனை தடவை சொன்னேன் உனக்கு!" என்று கத்தினாள். இவள் குழந்தை மாதிரி, "தப்புதான்… இனிமே பண்ண மாட்டேன்" என்றாள். நான் அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மகள் போன பிறகுதான் சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"நான் போட்டுண்டேனா?" என்றாள்.

"போட்டுண்டே. நான்தான் கழட்டச் சொன்னேன்."

"நசுங்கட்டும்னு… சொன்னேனா?"

"சொன்னே."

கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கப் போனேன், இடது கையால் என் கையைத் தள்ளினாள்.

"அவகிட்டயும் பொய்யா சொன்னேள்? கூப்பிடுங்கோ. இப்பவே. ஸ்பீக்கர்ல போடுங்கோ."

மகளிடம் எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னேன். முடித்ததும், போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஸ்பீக்கரை அணைச்சுட்டு அம்மாகிட்ட குடு" என்றாள்.

கொடுத்தேன். என் மனைவி அதை இடது கையில் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் அறையைவிட்டு வெளியே வந்தேன்.

உறவினர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள். அம்மாவோடு உட்கார்ந்து பேசுகிறாள், அதே பயிற்சிகளைப் பொறுமையாகச் செய்ய வைக்கிறாள். என்னிடம், "மாத்திரை குடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்கிறாள். கொடுத்தாயிற்று என்கிறேன்.