பை நிறைந்துவிடும் என்ற பயம்

பழனியம்மாளை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தபோது அவரால் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. கண்கள் குழி விழுந்திருந்தன. பெருங்குடலை எடுத்து, சிறுகுடலின் முனையை வயிற்றில் திறந்து, மலம் சேர அங்கே பை மாட்டி அனுப்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நீர்ச்சத்து வற்றி அவர் வருவது இது இரண்டாவது முறை.

அப்போது நான் திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் சர்ஜரி வார்டில் சீனியர் நர்ஸ். பை மாற்றுவதையும் சாப்பாட்டு முறையையும் சொல்லித்தருவது என் பொறுப்பு. பழனியம்மாள் பனியன் கம்பெனியில், வரிசையாக மிஷின் போட்ட தையல் லைனில், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். ட்ரிப்ஸ் இறங்கி அவர் தெளிந்ததும் கேட்டேன்.

"ஓஆர்எஸ் குடிக்கச் சொன்னனே கண்ணு, குடிக்கறதில்லியா?"

அவர் கணவர்தான் பதில் சொன்னார். "கம்பெனிக்குப் போனா வர்ற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படறதில்லீங்க சிஸ்டர்."

"குடிச்சா பை ரொம்பிக்குதுங்க," என்றார் பழனியம்மாள். "நடுவால எந்திரிச்சா லைனே திரும்பிப் பாக்குது. லீக் ஆச்சுன்னா அப்பறம் அங்க தலை காட்ட முடியாதுங்க."

என்ன சாப்பிடுகிறார் என்று இரண்டு முறையும் கேட்டிருந்தேன். பகல் முழுக்க எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கவில்லை. தவறு என்னுடையது.

பட்டினி கிடந்தாலும் பையில் நீர் இறங்கும், கூடவே உப்பும் போய்விடும் என்று விளக்கினேன். ஒவ்வொரு டீ பிரேக்கிலும் உப்புப் போட்ட கஞ்சியோ, குழைந்த தயிர்சாதமோ, வாழைப்பழமோ கொஞ்சம் கொஞ்சமாக மென்று சாப்பிட வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல், மிஷின் பக்கத்திலேயே ஓஆர்எஸ் பாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும்.

"அப்படீன்னா சூப்பர்வைசர்கிட்டச் சொல்லோணுங்களே."

"டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கித் தரட்டுமா?"

"குடுங்க. ஆனா பேசறது நான்தானுங்க."

அடுத்த செக்கப்பில் நடந்ததைச் சொன்னார். லெட்டரைப் படித்த சூப்பர்வைசர், "தைச்சத சரி பாக்கற செக்கிங் டேபிளுக்குப் போயிருங்கம்மா," என்றாராம்.

"நான் டெய்லருங்க, மிஷின விட்டுப் போகமாட்டேன்னு சொல்லிட்டேன். வயித்துல பை இருக்குது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம் எந்திரிப்பேன், வேலை நிக்காதுன்னேன். லைனே கேட்டுட்டு இருந்துச்சுங்க."

மறுநாள் அவர் மிஷினைப் பாத்ரூமுக்குப் பக்கத்தில் வரிசைக் கடைசிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அந்த மாதம் அவர் எடை இரண்டு கிலோ கூடியது.

எதைச் சாப்பிட வேண்டும் என்பது டயட் சார்ட்டில் இருக்கிறது. அதைச் சாப்பிட அவருக்கு இடமும் நேரமும் கிடைக்கிறதா என்பதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும்.