காலண்டர் தாளில் எழுதின பாஸ்வேர்டு

இன்னிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுல, முன்னாடி ராஜபாளையத்துல வீடியோ கேம் கேசட் கடை வச்சிருந்த அண்ணனைப் பார்த்தேன்.

"ரெண்டு கேசட்ட வச்சிக்கிட்டு அம்புட்டு நேரம் யோசிச்ச புள்ளதான நீ?"

நானேதான். தொண்ணூறுகள்ல நடந்தது. ரெண்டுமே கஷ்டமான சண்டை ஆட்டம், எத்தனை தடவை ஆடினாலும் சலிக்காது. ஒண்ணுல மட்டும், விட்ட எடத்துல இருந்து மறுபடி ஆட திரையில ஒரு பாஸ்வேர்டு வரும். எங்க தெருவுல கரண்ட் போற லட்சணத்துக்கு அதையே எடுத்தேன்.

பாஸ்வேர்ட தினசரி காலண்டர்ல எழுதி வச்சேன். காலையில அப்பா வழக்கம்போல தாளைக் கிழிச்சிட்டு மில்லுக்குப் போயிட்டார். நான் பகல் பூரா அழுதேன்.

சாயங்காலம் சட்டைப் பையில இருந்து எடுத்து நீட்டினார். "ஏதோ எழுதியிருந்தியே தாயி, அதான் பத்திரமா வச்சிருந்தேன்."

அதுக்கப்புறம் எவ்வளவு ஆடியும் கடைசி வரைக்கும் போக முடியல. ஆனா அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே, ஆட்டத்த முடிச்சிட்டேன்னு அவர்ட்ட பொய் சொன்னேன்.

தாள் இன்னும் எங்கிட்ட இருக்கு, கேசட்டுதான் இல்ல. அதே கேசட் யார்ட்டயாச்சும் இருந்தா சொல்லுங்க, பொய்ய நெசமாக்கணும்.