பெட்டி கத்தவில்லை

என் அண்ணன் ராயபுரத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டுகிறான். கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு ஐஸ் கட்டி ஏற்றிவிடுகிற இடம் அது. அங்கே குழாய்களுக்குள் ஓடுவது அம்மோனியா. கொஞ்சம் கசிந்தால் கண் எரியும், இன்னும் கசிந்தால் இருமல் வரும், அதற்கும் மேலே கசிந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கம்ப்ரசர் அறைச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. காற்றில் அம்மோனியா ஓர் அளவைத் தாண்டினால் அது சைரனை அலறவிடும். சைரன் கேட்டால் போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அந்தப் பெட்டிக்குள் கை வைத்தவர்கள் நானும் என் கணவரும்.

நாங்கள் விம்கோ நகரில் வீட்டின் முன்னறையிலேயே ஒரு பட்டறை வைத்திருக்கிறோம். எண்ணூர் வரைக்கும் இருக்கிற ஆலைகளில் ஓடும் பழைய எலக்ட்ரானிக் பெட்டிகள்தான் எங்கள் பிழைப்பு. செய்த கம்பெனியை மூடியிருப்பார்கள், நிரல் எழுதிய ஆள் எங்கே இருக்கிறாரோ தெரியாது, பெட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சொந்தக்காரர்களிடம் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி முடித்துக்கொள்வேன். விளக்கப்போனால், "அப்போ எங்க வூட்டு பிரின்டர பாக்குறியா?" என்று கேட்பார்கள், எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்.

மீன்பிடித் தடைக்காலத்தில், படகெல்லாம் கரையில் நின்றபோது, அண்ணன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான்.

"பாப்பா, எங்க கம்பெனில கீதே காஸ் பொட்டி, அது எல்லாரும் இருமி முடிச்சப்புறம்தான் கத்துது. அத்த நம்பிகினு கீறதுக்கு நம்ம கண்ண நம்பலாம். கொஞ்சம் முன்னாடியே கத்துறமாரி பண்ண முடியுமா?"

"உங்க மொதலாளி இன்னா சொல்றாரு?"

"புதுசு வாங்கலாம், வாங்கலாம்னு சொல்லிகினே கீறாரு. நீ பண்றதா இருந்தா பண்ணிக்கோன்னுட்டாரு."

என் அண்ணன் என்னிடம் எதையும் கேட்கிற ஆள் இல்லை. படகில் போய் என்னைப் படிக்கவைத்தவன் அவன். அவன் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் மறு பேச்சில்லாமல் சரி என்றேன்.

பெட்டியின் சிப்புக்குள் இருந்தது வெறும் எண்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரு கட்டளை, அல்லது அந்தக் கட்டளை எதன் மேல் வேலை செய்ய வேண்டும் என்று சொல்கிற எண். 'சென்சாரின் அளவை எடு, இந்த வரம்போடு ஒப்பிடு, சிறியதானால் சைரன் இருக்கும் இடத்துக்குத் தாவு' என்பது போன்ற கட்டளைகள்தான் எல்லாம். ஒவ்வொரு கட்டளை எண்ணிலும் எட்டு பிட், அதாவது ஒன்றோ பூஜ்யமோ நிற்கிற எட்டு இடங்கள். முன்னால் இருக்கிற பிட்டுகள் என்ன வேலை என்று சொல்லும், பின்னால் இருக்கிறவை அதன் விவரத்தைச் சொல்லும். தாவுகிற கட்டளையில் கடைசி பிட் ஒன்றா பூஜ்யமா என்பதை வைத்துத்தான் 'சிறியதானால் தாவு' என்பதும் 'சிறியதாக இல்லாவிட்டால் தாவு' என்பதும் பிரியும். எண்களைப் படிக்கக்கூடிய கட்டளைகளாக மாற்றித்தருவது டிஸ்அசெம்ப்ளர். நாம் எழுதுகிற கட்டளைகளைத் திரும்ப எண்களாக்குவது அசெம்ப்ளர். இந்தச் சிப்புக்கு இரண்டுமே எங்கே தேடியும் கிடைக்கவில்லை. இதே சிப் போட்ட பெட்டிகள் இந்தப் பக்கம் இன்னும் பல ஆலைகளில் ஓடுகின்றன, எழுதிவைத்தால் காலத்துக்கும் ஆகும் என்று நாங்களே எழுத உட்கார்ந்தோம்.

கையில் இருந்தது பழைய கையேட்டின் ஜெராக்ஸ். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் என்று சொல்ல வேண்டும். அட்டவணைகள் சாய்ந்திருந்தன, கோடுகள் பாதி இல்லை. என் கணவர் வாய்விட்டுப் படிக்க, நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். தாவல் கட்டளைகளின் பக்கம் வந்தபோது, "சிறிசா இருந்தா ஒண்ணு, இல்லன்னா பூஜ்யம். அப்டித்தானே கீது?" என்று தாளை என் பக்கம் திருப்பினார். நானும் எட்டிப் பார்த்து, "ஆமா, ஒண்ணுதான். மேல போ" என்றேன். அடுப்பில் குழம்பு இருந்தது.

பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். அசெம்ப்ளர் என்னுடையது, டிஸ்அசெம்ப்ளர் அவருடையது. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். சிப்பில் இருக்கும் எண்களை அவர் நிரல் கட்டளைகளாக்கும், என் நிரல் அந்தக் கட்டளைகளைத் திரும்ப எண்களாக்கும். போட்டதும் வந்ததும் ஓர் எண் பிசகாமல் ஒத்துப்போனால் இரண்டும் சரி. யார் தப்பு செய்தாலும் மற்றவரிடம் மாட்டிக்கொள்வார் என்று கணக்குப் போட்டோம்.

எத்தனையோ தடவை மாட்டிக்கொண்டோம். "உன்னுதுதான் தப்பு." "போய்யா, உன்னுதப் பாரு மொதல்ல." பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கதவைத் தட்டி, குடும்பச் சண்டையா என்று விசாரித்தாள். பெரும்பாலும் தப்பு அவருடையதாகத்தான் இருந்தது என்று எனக்கு நினைவு. அவருக்கு வேறு மாதிரி நினைவு. கடைசியில் ஒரு காலையில் எல்லா எண்களும் அச்சு அசலாக ஒத்துப்போயின. அன்றைக்குச் சமையலுக்கு விடுமுறை விட்டு, பீச் ஸ்டேஷன் பக்கம் போய் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டோம். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாளாகியிருந்தது.

சைரன் பகுதியைப் படித்தபோது அவர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். எங்கள் திரையில் அது 'அளவு வரம்பைவிடச் சிறியதானால் சைரனுக்குத் தாவு' என்று இருந்தது.

"காஸ் ஏறுனா அளவும் ஏறணுமே. இதுல எறங்குனா கத்துதே, எப்டி?"

"அப்டியும் சென்சார் கீது. காஸ் ஏற ஏற எறங்கும். இது அந்த ஜாதி."

அப்படிப்பட்ட சென்சார்கள் உண்டு என்பது உண்மைதான். இது எந்த வகை என்று பார்க்கலாம் என்றால், அதன் மேலிருந்த தகட்டை உப்புக்காற்று தின்றுவிட்டிருந்தது. நான் சொன்ன வேகத்தில் அவரும் சரி என்று விட்டுவிட்டார். அளவு இறங்கினால் கத்துகிற பெட்டி முன்னதாகவே கத்த வேண்டுமானால் வரம்பை உயர்த்த வேண்டும். உயர்த்தினோம்.

மாற்றிய நிரலைப் புதுச் சிப்பில் ஏற்றிப் பெட்டியில் மாட்டிய அன்று, அம்மோனியாவில் நனைத்த துணியைக் கழியில் சுற்றி சென்சாருக்கு நேரே நீட்டினோம். சைரன் வீறிட்டது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "சோக்கா கத்துதுடா மாப்ள" என்று என் கணவரின் முதுகில் தட்டினான்.

தடைக்காலம் முடிந்தது. படகுகள் கிளம்ப, ஐஸ் கம்பெனி இரவு பகலாக ஓட ஆரம்பித்தது. ஒரு நாள் முற்பகல் அண்ணன் டீ குடிக்க வெளியே வந்த நேரத்தில் போன் செய்தான்.

"பாப்பா, உன் கை ராசியான கை. நீ வந்துட்டுப் போனதுலேர்ந்து ஒரு தபாகூட கத்தல. காஸே லீக் ஆவல போல. பேஜாரு உட்டுச்சி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கணவரிடமும் சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் துணி காயவைக்கப் போனேன். பாதித் துணியில் கை நின்றுவிட்டது. குழாய்களை யாரும் மாற்றவில்லை. கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போது அடிக்கடி எண்ணெய் வடிப்பார்கள், அப்போது கொஞ்சமாவது அம்மோனியா வெளியே வரும். பழைய பெட்டியே சில சமயம் அதற்குக் கத்தும். முன்னதாகக் கத்தும்படி நாங்கள் மாற்றிய பெட்டி இன்னும் அதிகமாக அல்லவா கத்தியிருக்க வேண்டும்?

வாளியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். மேசையில் அதே சிப் பொருத்திய ஒரு போர்டு உண்டு. விளக்கை மினுக்குகிற சின்ன நிரலை மட்டும்தான் அதில் ஓட்டிப் பார்த்திருந்தோம். அந்த நிரலில் சிறியதா என்று பார்க்கிற வேலையே கிடையாது. இப்போது அதற்கென்று நாலு வரி எழுதினேன். ஐந்தைப் பத்தோடு ஒப்பிடு, சிறியதானால் விளக்கைப் போடு. விளக்கு எரியவில்லை.

"பல்பு போயிருக்கும்" என்றார் என் கணவர். மாற்றினார். எரியவில்லை. ஐந்தை எடுத்துவிட்டுப் பதினைந்தைப் போட்டேன். பளிச்சென்று எரிந்தது. அவர் ஜெராக்ஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்ந்த அட்டவணையில் ஒரு வரி தள்ளிப் படித்திருந்தோம். ஒன்று என்றால் 'சிறியதாக இல்லாவிட்டால்'. பூஜ்யம் என்றால்தான் 'சிறியதானால்'.

அத்தனை சண்டை போட்டுச் சரிபார்த்தும் இது ஏன் மாட்டவில்லை என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அவருடைய நிரல் தப்பான பெயர் சொன்னது. அதே அட்டவணையை வைத்து எழுதிய என் நிரல் அந்தத் தப்பான பெயரைக் கேட்டு, சரியான எண்ணைத் திருப்பித் தந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேருமே உப்பைச் சர்க்கரை என்று சொல்லப் பழகிவிட்டால் அவர்களுக்குள் சண்டையே வராது, காபி குடிக்க வந்தவனுக்குத்தான் தெரியும். நாங்கள் ஒருவரையொருவர்தான் சோதித்துக்கொண்டோம். சிப்பை யாரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு கட்டளையையும் சிப்பிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் அட்டவணையில் ஏற்றுகிறோம்.

அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. அந்தச் சென்சார் பெரும்பாலான சென்சார்களைப் போலத்தான், காஸ் ஏறினால் அளவும் ஏறும். நாங்கள் வரம்பை உயர்த்திவைத்திருந்தோம். முன்பு தாமதமாகக் கத்திய பெட்டி இனிமேல் அதைவிடத் தாமதமாகத்தான் கத்தும், கத்தினால். சென்சாருக்கு நேரே துணியை நீட்டியபோது கத்தியதை வைத்து நாங்கள் சிரித்துவிட்டு வந்திருக்கிறோம்.

அண்ணன் போனை எடுக்கவில்லை. கம்ப்ரசர் சத்தத்தில் கேட்காது. கம்பெனி ஆபீசுக்குப் போட்டேன். எடுத்தவரிடம், பெட்டி சரியில்லை, எல்லாரையும் உடனே வெளியே வரச்சொல்லுங்கள் என்றேன்.

"இன்னாம்மா வெளாடுறியா? படகுக்கு லோடு ஏறிகினு கீது. பொட்டி கத்தவே இல்லியே, இன்னாத்துக்கு வெளில வரணும்?"

"கத்தாததுதான் சார் தப்பே!" என்று நான் கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

கழற்றிவைத்திருந்த பழைய சிப்பை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினோம். வழி நெடுக கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றன. என் கணவர் இண்டு இடுக்கில் ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து லாரிக்காரர்களையும், ஜெராக்ஸ் எடுத்தவனையும், என் கணவரையும், என்னையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே போனேன். தங்கச்சாலைப் பக்கம் போகிற பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனபோதுகூட அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

கம்ப்ரசர் அறை வாசலிலேயே நெடி மூக்கில் ஏறியது. அண்ணன் உள்ளே இருந்தான், நின்றுகொண்டு, உயிரோடு. கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தன. எங்களைப் பார்த்துச் சிரித்தான். ஐஸ் கட்டி இழுக்கிற நாலைந்து ஆட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மச்சான், மெஷின நிறுத்து!" என்று என் கணவர் கத்தியதும் அண்ணன் காரணம் கேட்காமல் நிறுத்தினான். அவர் கர்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு எங்கள் சிப்பைப் பிடுங்கிப் பழைய சிப்பை மாட்டினார். கரண்ட் கொடுத்த கையோடு சைரன் அலறியது. எல்லோரும் இருமி முடித்த பிறகுதான் கத்துகிறது என்று அண்ணன் குறை சொன்ன அதே பழைய வரம்பு அது. அதையும் தாண்டித்தான் காஸ் நின்றிருக்கிறது.

எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். தண்ணீர் கொடுத்தேன்.

"கண்ணு எரியலியாணா உனக்கு?"

"எரிஞ்சுது. படகு கெளம்புனதுலேர்ந்தே எரிஞ்சிகினுதான் கீது."

"அப்புறம் ஏன் வெளில வரல?"

"பழைய பொட்டியா இருந்தா எப்பவோ வந்திருப்பேன் பாப்பா, அத்த எவன் நம்புவான்? இது நீ பண்ணதாச்சே." மூச்சு வாங்கிக்கொண்டு ஆட்களைக் காட்டினான். "இவனுங்க போலாம்ணா, போலாம்ணான்னு சொன்னானுங்க. நான்தான், என் தங்கச்சி பொட்டி கத்தல, காஸ் இல்லடா, வேலைய பாருங்கடான்னு நிக்கவெச்சேன்."

அதைச் சொன்னபோது அவன் குரலில் குறை எதுவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொட்டில இன்னா கோளாறு?" என்று கேட்டான்.

"பொட்டில ஒண்ணும் இல்லணா. நாங்க தப்பா படிச்சிட்டோம். அது கத்த வேண்டிய நேரத்துல கத்தாதமாரி நாங்கதான் பண்ணி வெச்சிட்டோம்" என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அண்ணன் திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவன் எதிர்ச்சாரியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த அந்த ஆட்களிடம் நடந்து போனான்.

"தப்பு என்னுதுதாண்டா" என்றான் அவர்களிடம். "பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க."