கல்லில் கிடைத்த தகப்பன் பெயர்

அப்போது நான் ரங்கூனில், லான்மடாவ் பக்கம் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தாறாம் வருஷம் என்று நினைவு. ஆனி மாசம் மழை விட்ட ஒரு காலையில் அமெரிக்கத் துரை ஒருவர் ஏறினார். வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போகச் சொன்னார்.

அரைகுறை இந்துஸ்தானியில் விஷயத்தைச் சொன்னார். அமெரிக்காவில் காடு வெட்டி முதல் ஏர் பூட்டிய குடியானவர் ஒருவரின் வம்சம் அவர். நிலம் எது என்று தெரியும். குடியானவரின் பெயர்தான் தெரியாது. அந்தக் குடியானவரின் மகன் ஒருவர் கப்பலேறி இங்கே வந்து காய்ச்சலில் இறந்தாராம். மகன் கல்லறையில் தகப்பன் பெயர் இருக்கும் என்று நம்பினார்.

அன்றைக்குக் கிடைக்கவில்லை. மறுநாளும் வந்தார். வண்டிப்பேட்டையில் கூட்டாளி கேலி பண்ணினான்.

"துரை பொணத்தைத் தேடுறாரு. நீ பொழப்பைத் தேடுடா."

நானும் இறங்கிக் கல் கல்லாகப் பாசியைச் சுரண்டினேன். ஒரு கல்லில் துரை நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றி, மகன் பெயரையும் அதற்குக் கீழே இருந்த குடியானவர் பெயரையும் வாய்விட்டுப் படித்தார். இரண்டு தடவை. பிறகு என் பக்கம் திரும்பி, உன் தாத்தா பெயர் என்ன என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

அப்பா நான் சின்னப்பிள்ளையாக இருக்கையிலேயே துறைமுக வேலையில் இறந்துபோனார். தாத்தா பெயரை வைத்தது எனக்கு முன்னால் பிறந்து தங்காத அண்ணனுக்கு; அந்தப் பெயரையும் அம்மா வாயால் சொன்னதில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"மாமனார் பேரை எவடா வாயால சொல்லுவா?"

"காதுல மட்டும் சொல்லும்மா."

"காதுல சொன்னா மட்டும் அது வேற வாயா? போடா."

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே ஒரு வழி சொன்னாள். "ஆடி அமாவாசைக்கு ஆத்தங்கரைக்கு நம்மூரு மேஸ்திரி வருவாரு. உன் தாத்தாவோட ஏர் ஓட்டினவரு. ஐயர் கேக்கும்போது அவரு சொல்லுவாரு. நீ வந்து நில்லு, போதும்."

அமாவாசையன்று க்யிம்யிண்டைங் ஆற்றங்கரைக்கு ஓயாத சவாரி. நானே ஆட்களைக் கொண்டுபோய் இறக்கினேன். கூட்டத்தில் அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பக்கத்தில் மேஸ்திரி நின்றார். இன்னும் ஒரு நடை என்று சைகை காட்டிவிட்டு வண்டியைத் திருப்பினேன். வந்து பார்த்தபோது அவர் போய்விட்டார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் நான்தான் சொன்னேன்.

புரட்டாசியில் மேஸ்திரி ஊருக்குக் கப்பலேறினார். போன இடத்திலேயே இறந்ததாகச் சேதி வந்தது. தையில் அம்மாவும் காய்ச்சலில் போனாள். ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி விசாரித்தேன். எங்கள் வீட்டை அறிந்தவர் யாரும் அங்கே இல்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கு வண்டி பூட்டவில்லை. ஈர வேட்டியோடு கையில் எள்ளும் தண்ணீருமாக நின்றேன். ஐயர் அப்பா பெயர் கேட்டார், சொன்னேன். அம்மா பெயர் கேட்டார், சொன்னேன். தாத்தா பெயர் கேட்டார். தெரியாது என்றேன்.

"தாத்தான்னே சொல்லி விடுப்பா. போய்ச் சேரும்."

விட்டேன். பக்கத்தில் நின்றவன் தன் தாத்தா பெயரை உரக்கச் சொன்னான்.

கல்லறையில் துரை படித்த அந்த அமெரிக்கக் குடியானவரின் பெயர் எனக்கு இன்றும் மறக்கவில்லை. எங்கள் நிலத்தை உழுதவருக்குத்தான் பெயர் சொல்லாமல் வருஷா வருஷம் தண்ணீர் விடுகிறேன்.