இல்லாத வீட்டின் முகவரி

செல்வநாயகி முதன்முதலில் வந்த நாளின் பேச்சு இனியாவுக்கு அப்படியே நினைவிருக்கிறது. இனியா விருத்தாசலத்தில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். செல்வநாயகி தன் ஓட்டுநர் உரிமத்தை மேசைமேல் வைத்தாள்.

"பாப்பா, இத புதுப்பிக்கணும். மாசக் கடைசில முடியுது."

"இதே அட்ரஸ்தானாக்கா?"

"இதேதான்."

"அங்கதான் இருக்கீங்களா?"

"அங்க வூடே இல்ல, சுரங்கத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு வருசமா இங்க வாடகைக்கு இருக்குறோம்."

"அப்ப மாத்தணும்க்கா. வூடு மாறுனா லைசென்ஸ்லயும் மாத்தணும், அது சட்டம். புது கார்டும் தபால்ல அந்த அட்ரஸுக்குத்தான் போவும்."

"போவட்டும். பொக்லைன்காரன் கையெழுத்து போட்டு வாங்கிக்குவான்."

இனியா சிரித்துவிட்டாள். செல்வநாயகி சிரிக்கவில்லை.

"அட்ரஸ மாத்துனா, எடுத்த வூட்டுக்குப் பதிலா எங்களுக்கு வர வேண்டிய மனை போயிடும். மாத்த மாட்டேன்." உரிமத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செல்வநாயகியோடு கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்து ஒரே தெருவில் குடியேறிய பதினோரு குடும்பங்களும் அப்படித்தான் நம்பின. ரேஷன் அட்டை முதல் கேஸ் புத்தகம் வரை ஒருவரும் எதையும் மாற்றவில்லை. மாற்றினால் ஊரை எழுதிக் கொடுத்த மாதிரி என்று யாரோ சொன்னது தெருவுக்கே சட்டமாகிவிட்டது.

செல்வநாயகி சொந்த வயலில் டிராக்டர் ஓட்டிப் பழகியவள். வயல் போனபின் சின்ன லோடு வண்டிக்கு மாறினாள். வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டிகளில் பீங்கான் பொம்மைகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் மங்கலம்பேட்டைக் கடைகளுக்கு ஏற்றிப் போவாள். வண்டி முதலாளி கொளஞ்சிநாதன் முதல் நாள், "பொம்பள ஓட்டி ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார். "பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்றாள். ஒரு பொம்மைக்கும் மூக்கு உடையவில்லை. அதற்கப்புறம் அவர் பேசவுமில்லை.

அவரே இப்போது, செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வண்டிச் சாவி கிடையாது என்று சொல்லிவிட்டார். உரிமத்தை எடுத்துக்கொண்டு போன ஐந்தாம் நாள் செல்வநாயகி மையத்துக்குத் திரும்பி வந்தாள். நில எடுப்பு அலுவலகம் அனுப்பிய ஆங்கிலக் கடிதம் ஒன்று கையில் இருந்தது.

"இதுல என்னதான் எழுதியிருக்குது? நெதானமா படி."

இனியா படித்தாள். கணக்கெடுத்த நாளில் பட்டியலில் இருந்த பெயருக்கே மாற்று மனை. பிறகு எங்கே குடிபோனாலும் அந்த உரிமை மாறாது.

"இன்னொரு தடவ படி."

படித்தாள்.

"ரெண்டு வருசமா இத சாமி படத்துக்குப் பின்னால வெச்சு கும்புட்டுக்கிட்டு இருந்துருக்குறோம்" என்றாள் செல்வநாயகி. "சரி, மாத்து."

முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டியிருந்தது. வீட்டுக்காரி பெரியம்மாள் இன்று நாளை என்று இழுத்தாள். செல்வநாயகி காலை ஆறு மணிக்கே அவள் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். "கையெழுத்தப் போட்டுட்டு கோலம் போடுங்க, பெரியம்மா. நான் எழுந்திரிச்சாதான எடம் இருக்கும்." எட்டு மணிக்குக் கையெழுத்து வந்தது.

இருபத்தெட்டாம் தேதி புது அட்டை புது முகவரிக்கே தபாலில் வந்தது. அதைக் காட்ட வந்தவள் போகாமல் நின்றாள்.

"எங்க தெருவுல இன்னும் ஆறு பேரு வண்டி ஓட்டுறாங்க. நான் சொன்னா, 'நீ மனைய வுட்டுட்ட, எங்களையும் வுடச் சொல்றியா'ன்னு கேக்குறானுங்க. ஞாயித்துக்கெழம நீ அங்க வரணும் பாப்பா. அந்தக் கடுதாசியத் தெரு நடுவுல நின்னு, தமிழ்ல, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிக்கணும். வர்றியா?"